ஏழை மனநோயாளியும் அமெரிக்க அரசும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நோயுற்ற ஒருவரின் மருத்துவச் செலவைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே ஏற்கிறது. வேலையில் இருப்போர் பலருக்கு அக்காப்பீடு வேலை கொடுப்பவர் வழியாகக் கிடைக்கிறது. ஆனால், மனநோய் முற்றியவர் பெரும்பாலும் முதலில் இழப்பது வேலையை. அதனோடு காப்பீடும் போய்விடுகிறது. பிறகு அவரைக் காப்பவர் யார்? இக்கேள்விக்கு அந்நாடு 180 ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்த வரலாற்றையே இங்கு நான் கூற விழைகிறேன்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஓர் ஆசிரியை. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அதில் தனி மகிழ்ச்சி உண்டு. 1841-ஆம் ஆண்டு டோரதியா டிக்ஸ் என்னும் அம்மையார், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையிலிருந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நடத்தச் சென்றார். குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகள் அங்கே குளிர் காய நெருப்பின்றி அடைபட்டுக் கிடந்ததைக் கண்டார். பிறகு அம்மாநிலத்துச் சிறைகளையும் ஏழையர் விடுதிகளையும் ஊர் ஊராகச் சென்று பார்த்தார். கண்டவற்றை எழுதி, 1843-இல் சட்டமன்றத்திற்கு விண்ணப்பமாக அளித்தார். பெண்களுக்கு வாக்குரிமையும் இல்லாத காலம் அது. எனினும் அவர் முயற்சியால் மாநிலந்தோறும் அரசு மனநோய் மருத்துவமனைகள் எழுந்தன.

மருத்துவமனையைக் கட்டினால் போதுமா? நாள்தோறும் அதை நடத்தும் பணம் எங்கிருந்து வரும்? மத்திய அரசின் நிலத்தில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் இதற்கென ஒதுக்குமாறு டிக்ஸ் அம்மையார் வேண்டினார். இரு அவைகளும் அம்மசோதாவை நிறைவேற்றின. ஆனால், ஏழையரைப் பேணுவது மாநிலங்களின் கடமை. மத்திய அரசின் கடமையன்று என்று கூறி, 1854-இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ் அதைத் தடுத்துவிட்டார். மாணவர்கள் இந்த ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்தவற்றுள் பலவற்றிற்கு இதுவே வித்து.

மாநிலங்களின் பொருள் வளம் குறைவு, நோயாளிகளோ பெருகினர். முதுமையால் அறிவு தளர்ந்தவர்களையும் ஊராட்சிகள் அங்கேயே அனுப்பின. இரண்டாம் உலகப் போரின்போது பணியாளர்களும் குறைந்தனர். 1946-இல் 'லைஃப்' இதழ் அம்மருத்துவமனைகளின் நெரிசலையும் அவலத்தையும் படங்களோடு வெளியிட்டது, நாடே அதிர்ந்தது. புகலிடமாகத் தோன்றியவை சிறையினும் கொடியனவாக மாறியிருந்தன. 1955-இல் அங்கிருந்தோர் ஏறத்தாழ 5,59,000 பேர்.

அதே காலத்தில் குளோர்புரோமசின் என்னும் மருந்து வந்தது. நோயாளியை வீட்டிலிருந்தபடியே பேண இயலும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1963 அக்டோபர் 31-இல் கென்னடி சமூக மனநல நிலையங்களுக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். 22 நாட்களில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திட்டமிட்ட 1,500 நிலையங்களுள் ஏறத்தாழப் பாதியே உருவாயின. 1965-இல் ஏழையர்க்கென 'மெடிக்கெய்டு' என்னும் அரசு மருத்துவ உதவி பிறந்தது. ஆயினும், 65 வயதுக்குட்பட்டவர் மனநோய் மருத்துவமனையில் தங்கும் செலவை அது ஏற்கவில்லை. முதியோர் விடுதிச் செலவில் மட்டும் பங்கேற்றது. ஆகவே, நோயாளியை வெளியே அனுப்புவதே மாநிலத்திற்கு இலாபமாயிற்று. 1980-இல் கார்ட்டர் கையொப்பமிட்ட மனநலச் சட்டத்தின் பெரும்பகுதியும் மறு ஆண்டே ரேகன் ஆட்சியில் நீக்கப்பட்டது.

2000-ஆம் ஆண்டளவில் அரசு மனநோய் மருத்துவமனைகளில் எஞ்சியோர் 60,000-க்கும் குறைவு. வெளியேறியோருள் பலர் குடும்பத்தோடு நலமாக வாழ்ந்தனர். இதை நாம் மறத்தலாகாது. ஆனால், கையில் பணமும் காப்பீடும் இல்லாதவர் பலர் தெருவுக்கு வந்தனர். தெருவிலிருந்து சிறைக்குச் சென்றனர். லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ நகரச் சிறைகள், நாட்டிலேயே மனநோயாளிகள் மிகுதியாக உள்ள இடங்களுள் சிலவாயின. டிக்ஸ் அம்மையார் எங்கே அவர்களைக் கண்டாரோ, அங்கேயே மீண்டும் போய்ச் சேர்ந்தனர்.

பிற்காலத்தில் திருத்தங்கள் வந்தன. 2008-ஆம் ஆண்டுச் சட்டம், மனநோய்க்குக் காப்பீடு உண்டெனில் அது உடல்நோய்க்குரியதினும் குறைந்ததாக இருத்தலாகாது என்றது; காப்பீடே இல்லாதவர்க்கு அதனால் என்ன பயன்? 2010-இல் மெடிக்கெய்டை விரிவாக்கச் சட்டம் வந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், அவ்விரிவை ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பமாயிற்று. பியர்ஸ் எழுப்பிய வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வரலாற்றில் தீய எண்ணம் கொண்டோர் மிகச் சிலரே. மருத்துவமனையைக் கட்டியவரும் நல்லவர். அதன் கதவைத் திறந்துவிட்டவரும் நல்லவர். ஆனால், நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்றபோது, அவருக்குரிய பணம் அவரைப் பின்தொடர்ந்து செல்லவில்லை. ஒரு சீர்திருத்தத்தைப் பற்றிப் படிக்கும்போது, அது எதை மூடியது, எதைத் திறந்தது என்று மட்டும் பாராதீர்கள். பத்தாம் ஆண்டிலும் அதன் செலவைக் கொடுப்பவர் யார் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடையில்லாத கருணை நெடுநாள் நிலைப்பதில்லை.