ஏழாவது பிரிவு

பியூனஸ் ஐரிஸில் குடியேறிய இத்தாலியர் ஒருவர் இறந்துபோகிறார். வாரிசு யாரென்று எந்தச் சட்டம் சொல்லும்? தனியார் பன்னாட்டுச் சட்டத்தின் பழைய தலைவலி இது. 1878இல் லிமா ஒப்பந்தம் குடியுரிமையைப் பார் என்றது. கப்பல் கப்பலாக ஐரோப்பியர் வந்திறங்கிய ஊருக்கு அது கட்டுப்படியாகுமா? பாதிப் பேருக்கு அயல்நாட்டுச் சட்டமாகிவிடும். 1889இல் மான்டெவிடியோ ஒப்பந்தங்கள் வசிப்பிடத்தைப் பிடித்துக்கொண்டன.

1928இல் ஹவானாவில் கியூபச் சட்ட அறிஞர் புஸ்தமாந்தேயின் 437 பிரிவுகள் கொண்ட தொகுப்பு ஏற்கப்பட்டது. ஏழாவது பிரிவைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: வசிப்பிடமோ குடியுரிமையோ, அந்தந்த நாட்டின் விருப்பம்! எங்க பாஷையில் சொன்னால், முக்கியமான வேரியபிளைக் காலியாக விட்டே ரிலீஸ் செய்திருக்கிறார்கள். அப்படி விட்டதால்தான் இரு தரப்பும் ஒரே தொகுப்புக்குள் வர முடிந்தது; 15 நாடுகள் அதை உறுதிசெய்தன. ஆனால் நாடு விட்டு நாடு போனவரின் மனைவிக்கு? எந்த ஊர்க் கோர்ட்டுப் படி ஏறுகிறாள் என்பதைப் பொறுத்தே பதில்.