முப்பரிமாண இயக்க வடிவமைப்பு

முப்பரிமாண இயக்க வடிவமைப்பு என்பது, ஒரு திண்பொருள் கடக்க வேண்டிய சில நிலைகளை மட்டும் குறித்துக்கொடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட அசைவை வடிவியல் முறையில் சீராகக் கணக்கிடும் துறை. கணினி அசைவூட்டம், ரோபோவியல், விண்கலக் கட்டுப்பாடு ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

சிக்கல்

பொருளின் நிலைக்கு இருப்பிடம், திசையமைவு என இரு கூறுகள் உண்டு. இருப்பிடங்களை ஒரு வளைகோட்டால் இணைத்துவிடலாம். திசையமைவு அவ்வளவு எளிதில் பிடிபடாது. சுழற்சிகளின் வரிசை மாறினால் விளைவும் மாறும். ஆய்லர் முறை திசையமைவை மூன்று கோணங்களால் குறிக்கிறது. நடுக்கோணம் குறிப்பிட்ட அளவை எட்டும்போது மற்ற இரு அச்சுகளும் ஒன்றாகிவிட, ஒரு திசையில் திரும்பும் வழி அடைபடும். இதுவே கிம்பல் பூட்டு. அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டும் கருவியில் மூன்று கிம்பல் வளையங்களே இருந்ததால், வீரர்கள் இந்நிலையைத் தவிர்த்தே கலத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. சுழற்சியைக் குறிக்கும் அணியின் 9 எண்களைச் சராசரி எடுப்பதும் உதவாது. இடைநிலையில் பொருளின் வடிவமே சிதையும்.

குவாட்டர்னியன் முறை

வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் கால்வாய்க் கரையில் நடந்துசெல்கையில் குவாட்டர்னியனைக் கண்டறிந்து, அதன் அடிப்படை விதியைப் பாலத்துக் கல்லில் கீறினார். நான்கு எண்களாலான இதன் நீளம் 1 எனில், அது நாற்பரிமாணக் கோளப்பரப்பில் ஒரு புள்ளி. அப்புள்ளி ஒரு சுழற்சியைக் குறிக்கும். நேரெதிர்ப் புள்ளிகள் இரண்டும் ஒரே சுழற்சியைக் குறிப்பதால், அருகிலுள்ளதைத் தேர்ந்தால் பொருள் குறுகிய வழியில் திரும்பும்.

கென் ஷூமேக் 1985இல் குவாட்டர்னியனை அசைவூட்டத்துக்குக் கொண்டுவந்தார். இரு புள்ளிகளைப் பெருவட்ட வில்லால் இணைத்தால், பொருள் ஒரே அச்சில் மாறாத வேகத்தில் சுழலும். இம்முறைக்கு ஸ்லெர்ப் என்று பெயர். பல நிலைகளை வில்களால் மட்டும் கோத்தால் ஒவ்வொரு சந்திப்பிலும் அசைவு வெட்டி இழுக்கும். எனவே, கார் வடிவமைப்பில் பிறந்த பெசியே வளைகோடுகளை ஷூமேக் கோளப்பரப்பின் மேல் வரைந்தார். வளைகோடு முறியாமல் சென்றால் சுழற்சியும் முறியாது.

திருகு இயக்கம்

திண்பொருளின் எந்த இடமாற்றத்தையும் ஒரு கோட்டைச் சுற்றிய சுழற்சியாகவும் அதே கோட்டின் வழியான நகர்வாகவும் காணலாம் என்று மிஷேல் ஷால் 1830இல் காட்டினார். திருகாணி மரத்தில் இறங்குவதும் இவ்வாறே. வில்லியம் கிளிஃபர்டின் 1873ஆம் ஆண்டுப் பணியிலிருந்து வளர்ந்த இரட்டைக் குவாட்டர்னியன், இந்தச் சுழற்சியையும் நகர்வையும் 8 எண்களில் அடக்குகிறது. அசைவூட்டப் பாத்திரங்களின் மூட்டு முறுகும்போது தோல் நசுங்காமலிருக்க இது உதவுகிறது.

முப்பரிமாண மாதிரிகளைப் பரிமாறப் பயன்படும் ஜிஎல்டிஎஃப் 2.0 கோப்புத் தரம், அசைவூட்டச் சுழற்சிகளைக் குவாட்டர்னியன்களாகவே சேமிக்கிறது.