நோயில் பிறந்த படிப்பு: கனடாவில் நகர்ப்புற வனவியல் உயர்கல்வி

ஒரு துறை பல்கலைக்கழகத்துக்குள் இளங்கலைப் பாடமாக நுழைந்து, பிறகு முதுகலை, முனைவர் பட்டம் என மேலேறுவதே பெரும்பாலும் வழக்கம். நகரத்து மரங்களை நிர்வகிக்கும் கல்வி கனடாவில் தலைகீழாக வளர்ந்தது. 1965-இல் டொராண்டோவில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவரின் ஆய்வாகத் தொடங்கிய அது, இளங்கலைப் பட்டமாக வான்கூவரில் அமைந்தது 2015-இல்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் இத்துறையை முன்னே தள்ளியதில் கல்விக் கொள்கைகளைவிட மரங்களைக் கொன்ற நோய்க்கும் பூச்சிக்கும்தான் பங்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வட அமெரிக்க நகரங்களின் வீதிகளில் வரிசை வரிசையாக நின்றது அமெரிக்க எல்ம். முதல் உலகப் போரையொட்டி வடமேற்கு ஐரோப்பாவில் எல்ம் மரங்கள் வாடிச் சாகத் தொடங்கின. காரணம் ஒரு பூஞ்சை என்பதை நெதர்லாந்தில் தாவரநோயியல் அறிஞர் யோஹானா வெஸ்டர்டைக்கின் மாணவி பியா ஷ்வார்ட்ஸ் 1922-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் காட்டினார். டச்சு எல்ம் நோய் என்ற பெயர் இந்த ஆய்வுகளால் வந்தது. நோயின் தாயகம் அந்நாடு அல்ல. 1930-இல் அது அமெரிக்காவின் ஒஹையோவில் தென்பட்டது. 1944-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில்.

இந்நோய் பரவும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். துறையின் வித்து அங்கேதான் இருக்கிறது. பட்டை வண்டுகள் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வருகின்றன. தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களில் பூஞ்சை பரவ, அதைத் தடுக்க முயலும் மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொண்டு வாடுகிறது. அருகருகே நட்ட எல்ம் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒட்டி இணைவதால், வண்டின் துணையில்லாமலும் நோய் அடுத்த மரத்துக்குப் போகும். பட்டுப்போன மரத்தை ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் வெட்டாமல் விட்டால், வண்டுகள் அதில் பெருகித் தெரு முழுவதையும் அழிக்கும். எனவே ஒரு மரத்தைக் கவாத்து செய்து காப்பாற்றும் தோட்டக்காரரின் திறமை இங்கே போதவில்லை. ஊரிலுள்ள எல்லா மரங்களையும், அவை மாநகராட்சியுடையவையோ தனியாருடையவையோ, ஒரே தொகுதியாகக் கணக்கெடுத்து நிர்வகிக்க வேண்டியிருந்தது.

இதை உணர்ந்தவர் டென்மார்க்கில் பிறந்த மரநோயியல் அறிஞர் எரிக் யோர்கென்சன். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எல்ம் நோயை ஆராய்ந்துவந்த அவர், நகராட்சிகளின் மரநடவு பற்றி ஆராய்ந்த மாணவருக்கு 1965-இல் வழிகாட்டினார். ‘நகர்ப்புற வனவியல்’ என்ற பெயர் அந்த ஆய்வையொட்டிப் பிறந்தது. 1970-களில் அவர் தந்த வரையறை தெருமரங்களோடு நிற்கவில்லை. நகரத்தார் பயன்படுத்தும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் பொழுதுபோக்கு இடங்களையும் உள்ளடக்கியது. நோயியல் அறிஞர் நிர்வாகத்துக்கு இலக்கணம் வகுத்தார். துறையின் போக்கையே இது தீர்மானித்தது என்பேன்.

இத்துறை அண்டை நாட்டிலும் வேரூன்றியது. அமெரிக்காவில் 1972, 1978 ஆண்டுகளின் சட்டங்கள் நகர மரப் பராமரிப்புக்காக மாநிலங்களுக்குக் கூட்டரசின் உதவியைத் திறந்துவிட்டன. லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கான வரலாறு கொண்ட சதர்ன் பல்கலைக்கழகம் 1990-களில் தொடங்கி, முனைவர் பட்டம் வரை இத்துறையை வளர்த்தது.

இதற்கிடையே நகரங்கள், ஒரே வகை மரத்தை மிகுதியாக நடும் பழைய தவறை மீண்டும் செய்திருந்தன. எல்ம் போன இடங்களில் பெருமளவில் ஆஷ் மரத்தை நட்டன. ஒரே இனம் பத்து விழுக்காட்டையும், ஒரே பேரினம் இருபதையும், ஒரே குடும்பம் முப்பதையும் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மர மரபியல் அறிஞர் ஃபிராங்க் சாண்டமோர் 1990-இல் சொன்னபோது பெரும்பகுதி நட்டு முடிந்திருந்தது. 2002-இல், ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதப் பச்சை நிற ஆஷ் துளைப்பான் வண்டு டெட்ராய்ட்டிலும், ஆற்றின் மறுகரையிலுள்ள ஒண்டாரியோவின் வின்ட்சரிலும் கண்டறியப்பட்டது.

பாடத்திட்டத்தின் எடை நோயியலிலிருந்து நிர்வாகத்துக்கு மாறியதற்கு, நோயையும் பூச்சியையும் தவிர இன்னொரு காரணமும் உண்டு. சிகாகோ நகர மரங்கள் பற்றிய 1994-ஆம் ஆண்டு அறிக்கையும், 2006-இல் வெளிவந்த ஐ-ட்ரீ மென்பொருளும் மரத்தின் பயனைப் பண மதிப்பில் சொல்லக் கற்றுக்கொடுத்தன. நிதிக்குழுவின் முன் பேச அது உதவியது. ஆனால் மதிப்பிட எளிதானவற்றுக்கே முக்கியத்துவம் தரும் பழக்கத்தையும் அது வளர்த்துவிட்டது என்ற குறையை மறுப்பதற்கில்லை.

வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2015-இல் இளங்கலைப் பட்டத்தைத் தொடங்கியபின், நகர்ப்புற வனவியல் தலைமைத்துவத்தில் முதுகலைப் பட்டத்தையும் அமைத்தது. பணியில் இருப்போரை மனத்தில் கொண்ட இப்படிப்பு பெரும்பாலும் இணையவழியில் நடக்கிறது. பூஞ்சையில் தொடங்கிய கல்வி, திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

பெயர் பிறந்த டொராண்டோவின் கதை வேறு. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1907-இல் தொடங்கியது கனடாவின் முதல் வனவியல் புலம். இளங்கலைச் சேர்க்கையை 1990-களில் கைவிட்டு, பட்டமேற்படிப்புகளோடு நின்றது. 2019-இல் அது அப்பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, நிலத்தோற்றக்கலை, வடிவமைப்புப் புலத்துடன் இணைக்கப்பட்டது.