அறுபது இடமும் ஐந்து வயதும்

எங்கள் ஊர்ப் பள்ளியில் மொத்தம் அறுபது இடம். வீரராஜேந்திர சோழன் காலத்துக் கணக்கைச் சொல்கிறேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்தத் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோவில் சுவரில் 1060களின் கடைசியில் வெட்டிய கல்வெட்டு, பையன்களை எண்ணியே வைத்திருக்கிறது. இருக்கு வேதத்துக்குப் பத்து, யசுர் வேதத்துக்குப் பத்து, வியாகரணமும் ரூபாவதாரமும் படிக்க இருபது, மகாபாஞ்சராத்திரத்துக்குப் பத்து, சிவப்பிராமணர் மூன்று, வைகானசர் ஐந்து, மற்றவர் இரண்டு. கூட்டினால் அறுபது.

இவர்களுக்கு ஜனநாதன் மண்டபத்தில் சாப்பாடு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் கணக்கு உண்டு. காய்ச்சல் கண்டால் படுக்க வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை. பதினைந்து படுக்கை, ஒரு வைத்தியர், ஒரு சல்லிய வைத்தியர், மூலிகை கொண்டுவர ஆள், ஒரு வருஷத் தேவைக்கு முன்கூட்டியே காய்ச்சி வைத்த தைலமும் லேகியமும். வெளியூர்க்காரர்கள் கல்வெட்டைப் பார்க்க வந்தால் ஆஸ்பத்திரியைத்தான் கேட்பார்கள். நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். எனக்கு அந்த அறுபதுதான் சுவாரசியம். ஏன் ஐம்பது இல்லை, எழுபது இல்லை?

விடை வயலைக்காவூரில் இருக்கிறது. இங்கிருந்து கிட்டத்தில் உள்ள ஊர்தான். அந்த ஊர் கட்டவேண்டிய வரிப் பொன் 75 கழஞ்சைக் கோவிலுக்குத் திருப்பிவிட்டார்கள். அதிலிருந்து பூசை, திருவிழா, வாத்தியார் சம்பளம், பையன்கள் சாப்பாடு என்று நெல்லையும் காசையும் அளந்துகொண்டே போனால் எங்கே தீருகிறதோ அங்கே பள்ளியின் இடமும் தீர்ந்துவிடும். எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர். அங்கே ஒதுக்கிய நிலம் 45 வேலி. புதுச்சேரிப் பக்கம் திரிபுவனியில் 260 பேருக்கு 72 வேலி. நிலக் கணக்கு ஊருக்கு ஊர் வேறு; ஆனால் ஒதுக்கிய நெல் தீருகிற இடத்தில்தான் பையன்களின் எண்ணிக்கையும் நிற்கும்.

இதில் எந்த வயதில் சேர்ப்பது என்ற பேச்சுக்கே தேவை இருக்கவில்லை. யாருக்கு இடம் என்பது பிறப்பிலேயே முடிந்துபோன விஷயம். வயலைக்காவூரில் ஏர் ஓட்டியவனின் மகன் அந்த மண்டபத்துப் படி ஏறியிருக்க மாட்டான். அவன் அப்பன் விளைவித்த நெல் மட்டும் ஏறியது. பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, ஒரு இடத்துக்குப் பல பேர் தகுதியோடு நின்றால் என்ன செய்வது? அதற்கு வழி கண்டவர்களும் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. அது பள்ளிக்கூடத்துக்கு இல்லை, ஊர் வாரியங்களுக்கு. ஆனால் ஏமாற்றுக்கு இடம் தராமல் இருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தைப் பாருங்கள். ஊர் முழுக்கக் கூடியிருக்க, கோவில் பூசகர்களான நம்பிமாரில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறு பையன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைக்கக் கூடாதல்லவா! போட்டியிட வயது வரம்பும் வைத்திருந்தார்கள்: 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும், வேதப் படிப்பும் வேறு. சீட்டு நியாயமாகத்தான் விழுந்தது; குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதில்தான் சங்கதி.

இடையே ஏழெட்டு நூற்றாண்டைத் தாண்டிவிடுகிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால்தான் பள்ளியில் சேரும் வயது முதன்முதலாகக் கணக்கில் ஏறுகிறது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் ஜில்லா ஜில்லாவாகக் கலெக்டர்களைக் கேட்டுப் பள்ளிகளை எண்ண வைத்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். பையன்கள் பொதுவாக ஐந்து வயதிலிருந்து பத்து வரை பள்ளியில் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு அவர் விகிதம் போட்டார். அப்போது நம் மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் கேம்ப்பெல்லும் ஐந்து வயது என்றே எழுதியிருக்கிறார்: வாத்தியாரையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைத்து, பிள்ளையாரைச் சுற்றி உட்கார வைத்து, புதுப் பையனின் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தார்களாம். இன்றும் விஜயதசமிக்கு நாம் செய்வது அதுவே.

திண்ணையில் எனக்குப் பிடித்தது, கடைசித் தேதி என்று ஒன்று இல்லாததுதான். வாத்தியாருக்குக் கொடுக்கக் காசோ தானியமோ சேர்ந்தது, நல்ல நாள் வந்தது, பையன் போய் உட்கார்ந்தான். அறுவடைக்கு நிறுத்தி, அப்புறம் மறுபடி அனுப்பலாம். மணலில் விரலால் எழுதுகிறவனும் ஓலையில் எழுத்தாணி பிடித்தவனும் ஒரே திண்ணையில் இருந்ததால், ஒரு வருஷம் பிந்தி வந்தவனுக்கு நஷ்டம் இல்லை. ரொம்பவும் கொண்டாட வேண்டாம்: வாத்தியாரின் பிரம்பும் அங்கேதான் இருந்தது, பல சாதிகளுக்குத் திண்ணை ஓரமும் கிடைக்கவில்லை.

என் தலைமுறைக்கு வயதுச் சான்று எங்கள் கையே. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் சேர்த்துக்கொள்வார்கள், எட்டாவிட்டால் அடுத்த வருஷம். கிண்டலாக இப்போது சொல்கிறார்கள், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கை குட்டை. ஐந்து, ஆறு வயதில்தான் அது சரிப்படும். எட்டிய பிள்ளைக்குப் பிறந்த தேதியை ஹெட்மாஸ்டரே போட்டுவிடுவார். ஜூன் மாதத்தில் ஐந்து முடிகிற மாதிரி ஒரு தேதி. என் சான்றிதழில் உள்ளதும் அப்படி வந்த ஜூன்தான். ஐப்பசி அடைமழையில் பிறந்தவள் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பென்ஷன் அந்த ஜூனை வைத்துத்தான் வருகிறது.

ஐந்து வயதில் எட்டிய அந்தக் காது, இப்போது எல்கேஜி என்று ஏன் மூன்று வயதுக்கு இறங்கியது? குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துவிடவில்லை. சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970களின் கடைசியில் மாநில அரசின் கீழ் வந்தன. பிறகு ஊருக்கு ஊர் பெருகின. பெயர் பெற்ற பள்ளி எல்கேஜியில் இடத்தை நிரப்பிவிட்டால், அந்தப் பிள்ளைகள்தான் மேலே ஏறிக்கொண்டே போவார்கள். ஒன்றாம் வகுப்பில் யாராவது டிசி வாங்கினால்தான் ஒரு இடம். ஆக, ஒன்றாம் வகுப்புக்கான போட்டி எல்கேஜிக்கு நகர்ந்தது. ஐந்து வயது வரை காத்திருந்தவன் வந்து பார்த்தால் வண்டி போய்விட்டிருக்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் நலிந்த பிரிவினருக்கு என்றது. குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்றும் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் நுழைவு வகுப்பே எல்கேஜி என்பதால், ஏழைத் தகப்பனும் அந்த மூன்று வயதையே பிடித்தாக வேண்டியதாயிற்று. விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். உத்திரமேரூர்க் குடம் ஆயிரத்து நூறு வருஷம் கழித்துப் பள்ளிக்கூட வராந்தாவுக்கு வந்துவிட்டது! இந்தத் தடவை குடத்துக்குள் ஏர் ஓட்டுகிறவன் பிள்ளையின் பெயரும் இருக்கிறது என்பதை நான் சாதாரணமாக எண்ணவில்லை.

2019இல் அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது, தமிழ்நாட்டில் ஐந்து. மூன்றிலும் ஐந்திலும் ஆறிலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். காலையில் குவாரி லாரிகளுக்கு நடுவே பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வாலாஜாபாத் பக்கம் போகிற மஞ்சள் வேனில், பையை மடியில் வைத்துக்கொண்டே தூங்குகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு வருகிற ஜூலை 31க்குச் சரியாக மூன்று முடிகிறது. காஞ்சிபுரத்தில் பெரிய பள்ளி ஒன்றில் ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறாள். "டீச்சர், இந்த வருஷமே போட்டுடவா, ஒரு வருஷம் வுட்டுப் போடவா?" என்றாள். குழந்தைக்கு இன்னும் மத்தியானம் இரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், பாத்ரூம் வந்தால் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லும். ஒரு வருஷம் விடு என்றுதான் எனக்குப்பட்டது. அப்படிச் சொல்வதற்கு முன், "அடுத்த வருஷம் யுகேஜியிலயோ ஒன்னாவதுலயோ எத்தன எடம் காலியாவும்னு அந்த ஆபீஸ்ல கேட்டுட்டு வாம்மா" என்றேன்.

"அத எப்படி டீச்சர் கேக்கறது?" என்றாள். "இப்ப சேக்க மாட்டா போலன்னு, இருக்கற சீட்டையும் வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."