எச்சில் மாதிரியும் வினாத்தாளும்

பதின்வயதினரிடம் புகைப்பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறிய, அவர்களையே கேட்பதுதான் வழக்கம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களிடம் இப்படிக் கேட்டு வருகிறது. பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்களா என்ற ஐயம் இத்தகைய ஆய்வுகளை விடாமல் தொடர்ந்தது.

1971இல் எட்வர்ட் ஜோன்ஸ், ஹரால்ட் சிகால் என்ற உளவியலாளர்கள் பொய்க்கருவி உத்தி ஒன்றை விவரித்தனர். மனத்தில் இருப்பதைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்புகிறவர் மறைக்கத் துணியமாட்டார் என்பதே அதன் அடிப்படை. கருவி உண்மையில் எதையும் அளக்காது. ஹூஸ்டனில் ரிச்சர்ட் எவன்ஸ் குழுவினர் இதைப் புகைப்பழக்கத்துக்குக் கொண்டுவந்து 1977இல் முடிவுகளை வெளியிட்டனர். எச்சிலிலிருந்து நிகோடினைக் கண்டுபிடிக்கலாம் என்று விளக்கும் படத்தை மாணவர்களுக்குக் காட்டி, எச்சில் மாதிரியும் பெற்றனர். அப்படிக் காட்டியபோது புகைப்பதாக ஒப்புக்கொண்டவர்கள் கூடினர். ஆனால் பதில் வெளியே போகாது என்ற உறுதி கிடைத்த இடங்களில் இந்த உத்தியால் பெரிய வேறுபாடு இல்லை என்று பிற்கால ஆய்வுகள் சில கண்டன. அந்த உறுதியைத் தருவதே நேர்மையான வழி. உண்மையைப் பெறுவதற்காகப் பிள்ளைகளை ஏமாற்றுவது ஏற்கத்தக்கதல்ல.

மெய்யான சோதனைகளுக்கும் குறைகள் உண்டு. மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடு சில மணி நேரத்தில் குறைந்துவிடும். எச்சிலிலுள்ள தயோசயனேட் பல நாள் தங்கும். ஆனால் முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு போன்ற உணவுகளாலும் அது கூடும். நிகோடின் சிதைந்து உண்டாகும் கோட்டினைன் இவற்றைவிட நம்பகமானது. அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 முதல் 20 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஒன்றிரண்டு சிகரெட் மட்டும் பிடிக்கும் சிறுவனிடம் அது சில நாளில் மறைந்துவிடும். அவன் ‘ஆம்’ என்று எழுத, சோதனை ‘இல்லை’ என்று சொன்னால், பிழை சோதனையுடையது.

மறைப்பதற்கான காரணம் பெரும்பாலும் கேட்கும் இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வீட்டுவாரி போதைப்பொருள் ஆய்வில், புகைப்பழக்கம் பற்றிய கேள்விகளைக் கணக்கெடுப்பாளர் வீட்டிலேயே வாய்விட்டுக் கேட்டுவந்தார். பெற்றோர் காதில் விழும் தூரத்தில் எந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளும்? 1994இல் பதிலைத் தாங்களே தாளில் குறிக்கும் முறை வந்தது. 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் புகைப்பதாகச் சொன்னோரின் விகிதம், பழைய முறையில் கிடைத்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது.

செய்யாததைச் செய்ததாகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. 1995இல் தொடங்கிய ஐரோப்பியப் பள்ளி ஆய்வு இவர்களை அடையாளம் காண, ‘ரெலெவின்’ என்ற இல்லாத போதைப்பொருளின் பெயரையும் வினாத்தாளில் சேர்த்தது.

உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 1999இல் தொடங்கிய உலக இளையோர் புகையிலை ஆய்வு, 13 முதல் 15 வயதுவரை உள்ள மாணவர்களிடம் வகுப்பறையில், பெயர் எழுதச் சொல்லாமல் பதில் வாங்குகிறது. இந்தியாவிலும் இதே முறைதான். இங்கே புகையிலையை மெல்லுவதும் பரவலாக உள்ளதால், கோட்டினைனை மட்டும் வைத்து ஒரு சிறுவன் பீடி பிடித்தானா, புகையிலை மென்றானா என்று சொல்ல முடியாது. இரண்டையும் பற்றித் தனித்தனியே கேட்டு, அவன் குறிக்கும் பதிலைக் கொண்டே அதைப் பிரித்தறிகிறார்கள்.