மாண்டலினும் வாக்குரிமையும்

வரலாற்றுக்குச் சான்று எது என்று கேட்டால் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். வாங்கிய அன்றே கிழித்துக் குப்பையில் எறிய வேண்டிய ஓர் அட்டைப்பெட்டியை அந்த வரிசையில் சேர்க்க எவருக்கும் மனம் வராது. ஆயினும், 1991ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க இசைக்கடைகளுக்கு வந்த ஓர் அட்டைப்பெட்டிக்கு அந்தத் தகுதி உண்டு என்பது நம் துணிபு. அதனுள் இருந்தது ஆர்.இ.எம். என்ற ராக் இசைக்குழுவின் 'அவுட் ஆஃப் டைம்' என்னும் குறுந்தகடு.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாம் இக்குழுவின் தீவிர இரசிகர்கள். எனவே பாராட்டில் சற்று மிகை இருந்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். தகவல்களில் மிகை இராது.

தேவாலயத்தில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. அங்கே ஓவியம் படிக்க வந்த மைக்கேல் ஸ்டைப்பும், இசைத்தட்டுக் கடையொன்றில் வேலை பார்த்த பீட்டர் பக்கும் நண்பர்களாயினர். மேக்கன் நகரில் பள்ளிக் காலத்திலேயே சேர்ந்து வாசித்துப் பழகிய மைக் மில்ஸும் பில் பெர்ரியும் பிறகு அவர்களுடன் இணைந்தனர். வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்றில், 1980 ஏப்ரல் 5 அன்று, தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் இந்நால்வரும் முதன்முறையாக மேடையேறினர். அத்தேவாலயத்தின் கோபுரம் மட்டும் பிற்காலத்தில் எஞ்சி நின்றது. இரசிகர்களுக்கு அது ஒரு யாத்திரைத் தலமாகவே ஆகிவிட்டது!

1983ல் வெளிவந்த இவர்களுடைய முதல் முழு இசைத்தொகுப்பு 'மர்மர்'. முணுமுணுப்பு என்று பொருள்படும் அப்பெயருக்கு ஏற்பவே ஸ்டைப்பின் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. இருந்தும், மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகையே ஆட்டிவைத்த அந்த ஆண்டில், சிறந்த தொகுப்பாக 'மர்ம'ரையே தேர்ந்தெடுத்தது 'ரோலிங் ஸ்டோன்' இதழ். பெரிய வானொலி நிலையங்கள் இவர்களைச் சீந்தவில்லை. மாணவர்கள் நடத்திய கல்லூரி வானொலிகளே இவர்களை வளர்த்தன. பெரிய வணிகத்துக்கு வெளியே வளர்ந்த இத்தகைய இசையையே 'மாற்று ராக்' என்று அழைக்கலாயினர். ஐந்து ஆண்டுகளில் ஐந்து தொகுப்புகள், இடைவிடாத பயணங்கள் என்று ஓடிய குழு, 1988ல் வார்னர் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கிருந்து வந்த முதல் தொகுப்பான 'கிரீன்' வெளியான நாள் 1988 நவம்பர் 8. அன்றுதான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். வென்றவர் ஜார்ஜ் புஷ், அதாவது மூத்த புஷ். இந்தத் தேதியையும் இந்தப் பெயரையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் தேவைப்படும்.

மின்கிதாரை இறக்கிவைத்தபோது

'கிரீன்' தொகுப்புக்காக 1989ம் ஆண்டின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே கழித்த குழு களைத்துப்போனது. உரத்த மின்கிதார் பீட்டர் பக்குக்கே அலுத்துவிட்டது. எனவே ஒத்திகைகளில் ஒருவர் கருவியை மற்றவர் எடுத்துக்கொண்டனர். மேளக்காரரான பெர்ரி பேஸ் கிதாரை ஏந்த, மில்ஸ் விசைப்பலகைக்கு நகர்ந்தார். பக்கின் கையில் இருந்ததோ அண்மையில் வாங்கியிருந்த ஒரு மாண்டலின். தொலைக்காட்சி பார்த்தபடியே அதைப் பழகிக்கொண்டிருந்தபோது தற்செயலாக விரல்களில் வந்து விழுந்த மெட்டுதான் 'லூசிங் மை ரிலிஜன்' ஆயிற்று.

இத்தலைப்பைக் கண்டு, மதத்தைத் துறந்தவரின் பாடல் என்று பலர் எண்ணுவதுண்டு. அது பிழை. 'பொறுமையின் எல்லையைக் கடந்துவிட்டேன்' என்று சொல்லத் தென் அமெரிக்க மாநிலங்களில் வழங்கும் வட்டார மரபுத்தொடர் அது. ஒருவரை நெஞ்சுக்குள் விரும்பி, அதைச் சொன்னோமா சொல்லாமல் விட்டோமா என்று தடுமாறுபவனின் புலம்பல்தான் பாடல். இதில் பல்லவி போல் திரும்பத் திரும்ப வந்து மனத்தில் ஒட்டும் பகுதி எதுவுமில்லை. முன்னிற்பது மாண்டலின். ஐந்து நிமிடத்துக்குச் சற்றே குறைவான இத்தகைய பாடலை முதலில் வெளியிடுவதா என்று நிறுவனம் தயங்கியதில் வியப்பில்லை. குழு விடாப்பிடியாக நின்றது. பில்போர்டு பட்டியலில் அப்பாடல் நான்காம் இடம்வரை ஏறியது. அதைவிட உயர்ந்த இடத்தை அமெரிக்காவில் இவர்களுடைய வேறெந்தப் பாடலும் எட்டியதில்லை.

அதற்கு எடுக்கப்பட்ட காணொளியில் நமக்கொரு தனிப் பெருமை உண்டு. இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளின் தெய்வப் படங்களையும், இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் இருளும் ஒளியும் கலந்த பாணியையும், மார்க்கேஸ் எழுதிய சிறகு முளைத்த முதியவரின் கதையையும் ஒரே சட்டகத்துக்குள் அவர் கொண்டுவந்தார். அவ்வாண்டின் சிறந்த காணொளி உட்பட எம்.டி.வி.யின் ஆறு விருதுகள் குழுவுக்குக் கிடைத்தன.

பதினோரு பாடல்கள்

ஒரு பாடலால் மட்டும் நிற்கும் தொகுப்பன்று இது. தயாரிப்பில் ஸ்காட் லிட் துணைநிற்க, அட்லாண்டா சிம்பனி இசைக்கலைஞர்களின் வயலின்களும் செல்லோக்களும் பல பாடல்களில் இழையோடுகின்றன. ராப் கலைஞர் கே.ஆர்.எஸ்.-ஒன் தொடக்கப் பாடலில் குரல் கொடுக்கிறார். மைக் மில்ஸ் இரண்டு பாடல்களை முன்னின்று பாடுகிறார். 'எண்ட்கேம்' பாடலில் சொற்களே இல்லை, வெறும் முனகல்தான். காதல் பாடல்களை அதுவரை கூடியவரை தவிர்த்துவந்த ஸ்டைப், இம்முறை காதலையே பொருளாக எடுத்துக்கொண்டார். சொற்களும் தெளிவாகக் காதில் விழுந்தன.

எல்லோரும் ஏசும் 'ஷைனி ஹேப்பி பீப்பிள்' பாடலைப் பற்றி ஒரு சொல். அதே ஏதென்ஸ் ஊரில் தோன்றிய பி-52ஸ் குழுவின் கேட் பியர்சன் ஸ்டைப்புடன் சேர்ந்து பாடிய துள்ளலான பாப் பாடல் இது. அமெரிக்காவில் பத்தாம் இடத்தையும் பிரிட்டனில் ஆறாம் இடத்தையும் பிடித்தும், குழுவினருக்கே இதைப் பற்றி ஒரு கூச்சம் இருந்துவந்தது. 2003ல் வெளியிட்ட தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்பில் இதைச் சேர்க்காமலே விட்டுவிட்டனர்! நமக்கு அந்தக் கூச்சம் இல்லை. வால்ட்ஸ் தாளத்தில் தந்திக்கருவிகள் மெல்லத் தொடங்கி, சட்டென்று கிதாருக்குத் தாவும் அந்த முதல் சில நொடிகளைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

ஆனால் தொகுப்பின் சிகரம் எது என்று கேட்டால், தயங்காமல் 'கன்ட்ரி ஃபீட்பேக்' என்போம். ஸ்டைப் கையில் சில குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் பாடிப் பதிந்தது அது. சிதைந்துபோன உறவொன்றின் கணக்கை ஒருவன் எண்ணிப்பார்க்கிறான்; பின்னால் பெடல் ஸ்டீல் கிதார் விம்முகிறது. ஸ்டைப்புக்கே மிகவும் பிடித்த பாடல்களுள் ஒன்று. பாப் தொகுப்பு என்ற பெயரில் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் இந்தத் துயரமும் கூடவே நுழைந்தது என்பதை எண்ணும்போது நமக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பெட்டியின் பின்புறம்

இனி அட்டைப்பெட்டிக்கு வருவோம். அக்காலத்தில் அமெரிக்கக் கடைகளில் குறுந்தகடுகளை ஏறத்தாழ 12 அங்குல உயரமுள்ள நீள்பெட்டிகளில் அடைத்து விற்றனர். பழைய இசைத்தட்டுகளுக்கென்று செய்த அடுக்குகளில் அவை பொருந்த வேண்டும், திருடுவதும் கடினமாக இருக்க வேண்டும் என்பதே காரணம். வீட்டுக்குப் போனதும் பெட்டி குப்பைக்குப் போகும். சுற்றுச்சூழலில் அக்கறை கொண்ட ஆர்.இ.எம். குழுவினருக்கு இந்த வீண்செலவு அறவே பிடிக்கவில்லை. கடைக்காரர்களோ பெட்டி இல்லாமல் முடியாது என்றனர்.

அப்போதுதான் வார்னர் நிறுவன அதிகாரி ஜெஃப் கோல்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. குப்பைக்குப் போகும் அட்டையில் ஒரு கோரிக்கை மனுவை அச்சிட்டால் என்ன?

அமெரிக்காவில் வாக்காளராகப் பதிந்துகொள்வது குடிமகனின் சொந்தப் பொறுப்பு. அவ்வப்போது வீடு மாறும் இளைஞர்களுக்கும் ஏழைகளுக்கும் அது பெருந்தடையாக இருந்தது. ஓட்டுநர் உரிமம் பெறும் அலுவலகத்திலேயே வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம் என்ற சட்ட முன்வரைவு அப்போது நாடாளுமன்றத்தில் இழுபறியில் கிடந்தது. இசைத்தட்டுகள் மீதான தணிக்கையை எதிர்க்க 1990ல் இசைத்துறையினர் தொடங்கிய 'ராக் த வோட்' அமைப்பு இதைக் கையிலெடுத்திருந்தது. எனவே 'அவுட் ஆஃப் டைம்' பெட்டியில், இச்சட்டத்தை ஆதரிக்குமாறு செனட் உறுப்பினரைக் கேட்டுக்கொள்ளும் மனு அச்சாகி வந்தது. வாங்கியவர் அதை வெட்டியெடுத்து, பெயரும் முகவரியும் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். ஆயிரக்கணக்கில் மனுக்கள் வந்து குவிந்தன.

1992ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை ஜூலை மாதம் தம் மறுப்பதிகாரத்தால் தடுத்தார் ஒருவர். யார் தெரிகிறதா? 'கிரீன்' வெளியான நாளில் தேர்தலை வென்ற அதே புஷ்! அவ்வாண்டு நவம்பரில் அவர் தோற்றார். அடுத்து வந்த கிளின்டன் 1993 மே 20 அன்று சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரலில், இசைநிறுவனங்கள் நீள்பெட்டிகளைக் கைவிட்டிருந்தன. தன் கடமையை முடித்துவிட்டே பெட்டி மறைந்தது போலும்!

சட்டம் வந்தது இந்த ஒரு பெட்டியால்தான் என்று நாம் சொல்லவில்லை. குடியுரிமை அமைப்புகள் பல ஆண்டுகள் உழைத்தன. செனட்டில் வெண்டல் ஃபோர்டு போன்றோர் விடாது போராடினர். ஆனால் அரசியலை எட்டிப்பார்த்திராத பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு மனுவை நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இப்பெட்டிக்கும் பங்குண்டு.

விலைபோனார்களா?

பழைய இரசிகர்கள் பலருக்கு இத்தொகுப்பின் மீது மனத்தாங்கல் உண்டு. "கல்லூரி வானொலியின் பிள்ளைகள் பாப் சந்தைக்கு விலைபோனார்கள்" என்பது அவர்கள் வழக்கு. இவ்வழக்கை எள்ளி ஒதுக்க நாம் விரும்பவில்லை. தமக்கு மட்டுமே தெரிந்த ஒன்று ஊர்ச்சொத்தாகும்போது எழும் வலி உண்மையானதே. ஆனால் சான்றுகள் வேறு சொல்கின்றன. 1992 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் சிறந்த மாற்று இசைத் தொகுப்புக்கான விருது 'அவுட் ஆஃப் டைம்' தொகுப்புக்குக் கிடைத்தது. போட்டியில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' தொகுப்பும் இருந்தது. அதே விழாவில் 'லூசிங் மை ரிலிஜன்' பாடலுக்குச் சிறந்த பாப் குழுப்பாடலுக்கான விருது. ஒரே தொகுப்பு, இரண்டு முகவரிகள்! விலைபோனவர்கள் மாண்டலினையும் பல்லவியில்லாத பாடலையும் பிடித்துக்கொண்டு அடம்பிடிப்பார்களா? தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் பிடித்து 109 வாரங்கள் பட்டியலில் நின்றபோதும், அதை வைத்துப் பெரும் பயணம் போய்ப் பணம் சேர்க்க அவர்கள் முனையவில்லை.

இன்னொன்றும் உண்டு. 'மர்மர்' போன்ற ஒரு தொகுப்பின் பெட்டியில் அந்த மனு வந்திருந்தால் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்? மனு போய்ச்சேர்ந்தது பாப் என்னும் வாகனத்தில் ஏறித்தான். துள்ளலான பாடலைக் கேட்க வந்தவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துக் கையெழுத்திட்டான் என்றால், அந்தத் துள்ளலைக் குறைசொல்ல நமக்கு நா எழவில்லை.

1997ல் பெர்ரி விலகினார்; 2011 செப்டம்பரில் குழு சச்சரவின்றிக் கலைந்தது. 2024 ஜூன் மாதம் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவொன்றில் நால்வரும் நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரே மேடையில் நின்று ஒரே ஒரு பாடலைப் பாடினர். எது என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கின் கையில் மாண்டலின் இருந்தது.

நீள்பெட்டியைக் கிழிக்காமல் எங்கேனும் பரணில் போட்டுவைத்திருக்கும் புண்ணியவான்கள் உண்டு. அவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். ஒரு காலத்து மக்கள் என்ன கேட்டார்கள் என்பதை இரண்டு பொருளிலும் சொல்லும் ஆவணம் அது.