விளக்குக்குப் போட்ட கம்பியும் வெந்நீர்க் குளியலும்

கொள்ளிடத்துக்கு வடக்கே, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே அமைந்துள்ள விக்கிரமங்கலத்தின் பழமையைப் பேசுவோர், அங்கே காணப்படும் புத்தர் சிலையைப் பற்றிப் பேசுவார்களேயன்றி, அவ்வூர் வீடுகளில் வெந்நீர் எவ்விதம் காய்ந்தது என்று ஒருநாளும் பேசமாட்டார்கள். ஆயினும், குளியலறைச் சுவரில் கருகிப்போன ஹீட்டர் ஸ்விட்சை மாற்ற நேரும்போது, அது கருகியதற்கான காரணம் அந்த அற்ப சரித்திரத்தில்தான் அகப்படுகிறது என்பது என் துணிபு.

அப்பிரதேசம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், தினசரி ஸ்நானம் என்பது குளத்திலோ கிணற்றடியிலோ பச்சைத் தண்ணீரில் முடிந்துவிடும். வெந்நீரோ, சனிக்கிழமை ஆண்களுக்கும் வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் வழக்கமாயிருந்த எண்ணெய் ஸ்நானத்துக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்கும், தீபாவளி விடியற்காலைக்கும் உரிய விசேஷம். கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி, அண்டாவை ஏற்றி, முந்திரிக் கட்டையோ பருத்திமாரோ கைக்கு அகப்பட்டதைச் செருகி எரிப்பார்கள். வசதியுள்ள வீடுகளில், நடுக்குழாயில் கரி போட்டு மூட்டும் செம்புப் பாய்லர் இருந்தது. எவ்வகையாயினும் அக்கினி கண்ணுக்குத் தெரிந்தது; மிஞ்சினால் கொள்ளியை வெளியே இழுத்துவிடலாம்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும் மேட்டூர் 1937-லும் இயங்கத் தொடங்கின. 1957 ஜூலை 1-ந் தேதி சென்னை ராஜ்ய மின்சார வாரியம் ஏற்பட்டு, 1962-ல் நெய்வேலி அனல் நிலையமும் உற்பத்தியை ஆரம்பித்தபின், கிராமங்கள்தோறும் கம்பங்கள் நடப்பட்டன. ஆனால் கவனிக்கத்தக்கது இதுதான்: அந்த மின்சாரம் ஊருக்குள் வந்தது விளக்குக்காக, வயலுக்குப் போனது பம்புசெட்டுக்காக, வெந்நீருக்காக என்று எவரும் அதை அழைக்கவில்லை. தேக்குச் சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய மெல்லிய கம்பி, வட்டப் பலகையில் பொருத்திய கறுப்பு பேக்கலைட் ஸ்விட்ச், இவற்றின் தாங்குசக்தி 5 ஆம்பியர். 60 வாட் விளக்கு ஏறக்குறைய கால் ஆம்பியரே இழுக்கும் ஆதலால், அந்த ஏற்பாடு தாராளமானதாகவே இருந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் 1884-ல் உண்டாக்கிய, வில்லின் விசையால் தொடுமுனைகளைச் சடக்கெனப் பிரித்துத் தீப்பொறி நீடியாமல் தடுக்கும் ஸ்விட்சின் வம்சத்தில் வந்தவையே அவை. நம் வீடுகளில் தலைமுறைக் கணக்கில் உழைத்தன.

பிற்பாடு விறகு அருகிக் கொல்லையும் சுருங்கியபோது, முதலில் பக்கெட்டில் போடும் வெந்நீர் ராடு வந்தது, அதன்பின் கீசர், அதன்பின் ஷவரோடு இணைந்து நொடியில் சுடுநீர் தரும் 3,000 வாட் ஹீட்டர். 230 வோல்ட்டில் இது 13 ஆம்பியர் கேட்கிறது. விளக்குக்கென்று போட்ட கம்பியில் அண்டா அடுப்பின் அக்கினியையே ஏற்றிவிட்டோம். திருகாணி சற்றே தளர்ந்திருந்தாலும் தொடுமுனை காய்ந்து, கறுத்து, கறுத்ததனாலேயே மேலும் காய்ந்து, கடைசியில் ஒரு துர்நாற்றம் எழும்பி, ஸ்விட்சை அமுக்கினால் பிடிக்காமல் போகிறது. குழாய்த் தண்ணீரே சில்லிட்டுக் கிடக்கும் இங்கிலாந்தில் இத்தகைய ஷவர்கள் 7,000 வாட்டுக்கும் மேலாகவே இழுக்கின்றன; அங்கே ஈரக்கை ஸ்விட்சைத் தொடலாகாதென்று, கூரையிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டு இழுக்கிறார்கள். நம் ஊரில் தண்ணீர் தானே வெதுவெதுப்பாயிருப்பதால் 3,000 வாட் போதும், கயிறுதான் இல்லை.

ஆகவே, மெயினை நிறுத்தி டெஸ்டரால் சோதித்து வயர்மேன் கழற்றும்போது, ஸ்விட்சை மட்டும் பார்த்தால் போதாது. எது பேஸ், எது நியூட்ரல் என்று நிச்சயமில்லாத பழைய வீடுகளில், இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்சே பொருத்தம். அதைக் குளியலறைக்கு வெளியே அமைப்பது உத்தமம். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், கரியும் உப்பும் இட்ட குழியிலிருந்து எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஸ்விட்சின் விலையைக் கேட்டு முகம் சுளிக்காத கிருகஸ்தர்கள் கம்பியின் விலையைக் கேட்டதும், "இப்போதைக்கு ஸ்விட்சை மட்டும் மாற்றுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். வயர்மேனும் பழைய கம்பியின் கருகிய நுனியை நறுக்கிவிட்டு, புதிய ஸ்விட்சில் திருகிவிட்டுப் போகிறார்.